காகமும் ஆந்தையும் கற்பிக்கும் பகை

பஞ்சதந்திரத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கைகூப்புகின்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உளர். அந்நூலின் பழமையை நாமும் மறுக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டிலே பாரசீக மன்னன் குஸ்ரோவின் காலத்தில் பஹ்லவி மொழிக்குச் சென்று, எட்டாம் நூற்றாண்டிலே இப்னுல் முகப்பாவின் கையால் ‘கலீலா வ திம்னா’ என்று அரபுக் கோலம் பூண்டு, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் புகுந்த நூல் அது. தாண்டவராய முதலியார் 1826இல் அதனைத் தமிழ் உரைநடையாக்கித் தந்தார். இவ்வளவு தூரம் நடந்த நூல் சாதாரண நூலன்று. ஆனால், வயதும் புகழும் ஒரு நூலை விசாரணையிலிருந்து விடுவித்துவிட மாட்டா. அந்நூலின் மூன்றாவது தந்திரத்தை, மட்டக்களப்பு வாவியின் கரையிலே வாழ்ந்து கொண்டு, 1990ஆம் ஆண்டை மறவாத மனத்தோடு வாசிக்கும் ஒருவருக்கு அது என்ன சொல்கிறது? இதுவே நமது கேள்வி.

வடமொழியில் ‘காகோலூகீயம்’ என்றும் தமிழில் ‘சந்தி விக்கிரகம்’ என்றும் வழங்கும் அத்தந்திரம், விலங்கையும் பறவையையும் மனிதராக்கி, ஒற்றும் மணமும் கலந்து பின்னிய ஒரு சிறு நவீனம் என்றே கொள்ளத்தக்கது. பெரிய ஆலமரம் ஒன்றில் மேகவர்ணன் என்னும் காக அரசன் தன் சுற்றத்தோடு வாழ்கிறான். மலைக்குகையில் ஆந்தைகள் வாழ்கின்றன. இரவுதோறும் ஆந்தைகள் வந்து, இருளிலே கண் தெரியாத காகங்களைக் கொன்று குவிக்கின்றன. காக அரசன் அமைச்சரைக் கூட்டி ஆராய்கிறான். சமாதானமா, போரா, இடம்பெயர்வதா, அரணுக்குள் அடங்கியிருப்பதா, துணை தேடுவதா? முடிவில் சிரஞ்சீவி என்னும் கிழட்டு அமைச்சன் ஒற்று வேலையைத் தானே ஏற்கிறான். அவனைக் கொத்திக் குதறி, இரத்தம் பூசி, மரத்தடியில் எறிந்துவிட்டுக் காகங்கள் அகலுகின்றன. தன் அரசனால் துரத்தப்பட்ட அகதி என்று சொல்லி அவன் ஆந்தைகளிடம் அடைக்கலம் பெறுகிறான். கூடு கட்டுவதாகப் பாவனை செய்து குகை வாயிலில் சுள்ளி சேர்க்கிறான். ஒரு பகலிலே, ஆந்தைகள் கண் மூடிக் கிடக்கும் வேளையிலே, காகங்கள் கொள்ளிகளோடு வருகின்றன. குகை எரிகிறது. ஆந்தைக்குலம் அழிகிறது. கதை முடிகிறது. இதிலே நீதி இருக்கிறதாம்!

தொடக்கத்தைப் பாருங்கள். இரவுதோறும் செத்துக்கொண்டிருக்கும் எளிய கூட்டம் ஒன்று பலமுள்ள பகையை எப்படி எதிர்கொள்வது? இது வரலாறு முழுவதிலும் அடிமைப்பட்ட மக்கள் கேட்ட கேள்வி. இத்துணைப் பெரிய கேள்வியோடு தொடங்கிய கதை, அதற்கு அளிக்கும் விடை எத்துணைச் சிறியது! அமைச்சர்கள் பேசுகிறார்கள், அரசன் கேட்கிறான். இரவிலே தாயைப் பறிகொடுத்த குஞ்சு ஒன்றாவது, இணையை இழந்த பேடு ஒன்றாவது அந்தச் சபையிலே வாய் திறக்கிறதா? இல்லை. மக்கள் சாவதற்கும் கொள்ளி சுமப்பதற்கும் மட்டுமே வருகிறார்கள். சிந்திப்பது மந்திரிகளின் ஏகபோகம். இது அரண்மனையிலிருந்து எழுதப்பட்ட கதை, ஆலமரத்திலிருந்து எழுதப்பட்டதன்று.

இனி இதற்குள் பொதிந்த மணக் கதையைக் காண்போம். அடைக்கலம் புகுந்த காகம், தான் தீக்குளித்து மறுபிறவியில் ஆந்தையாகவே பிறக்க விரும்புவதாக நடிக்கிறது. அப்போது இரத்தாட்சன் என்னும் ஆந்தை அமைச்சன் ஒரு கதை சொல்கிறான். பருந்தின் பிடியிலிருந்து நழுவி விழுந்த எலிக்குஞ்சு ஒன்றை ஒரு முனிவர் பெண்குழந்தையாக்கி வளர்க்கிறார். பருவம் வந்ததும் அவளுக்கு மணமகனைத் தேடுகிறார். சூரியனை அழைக்கிறார், மேகம், காற்று, மலை என்று ஒவ்வொருவரும் தம்மினும் வலியவனைக் காட்டிக்கொண்டே போகிறார்கள். மலையைத் துளைக்கவல்லது எலி என்பதால் முடிவில் எலி வருகிறது. அவள் மகிழ்ந்து எலியையே வரிக்கிறாள்; மீண்டும் எலியாகிறாள். பெண்ணைக் கேட்டுத்தானே மணமுடித்தார்கள் என்று சிலர் பாராட்டக்கூடும். கேட்டார்கள், உண்மைதான். ஆனால் அவள் வாயிலிருந்து விடை சொன்னது அவளல்ல, அவள் பிறப்பு. எந்த வளர்ப்பும், எந்தக் கல்வியும், எந்த அன்பும் பிறப்பை மாற்றமாட்டா. எலி எலியோடுதான் சேரும். சாதிக்கு இதைவிடச் சாதுரியமான வக்காலத்தை வேறு எங்கே காண்பது? தமிழிலே ‘சாதி’ என்ற ஒரே சொல் விலங்கினத்துக்கும் வழங்குகிறது, மனிதரைப் பிரிக்கும் வேலிக்கும் வழங்குகிறது. மனிதரை விலங்காக்கிக் கதை சொல்லும்போது அந்த வேலி இயற்கையின் சட்டமாகிவிடுகிறது. இந்த உத்தியின் நஞ்சு அங்கேதான் இருக்கிறது.

நஞ்சு அத்தோடு நிற்கவில்லை. அடிபட்டுக் கிடக்கும் காகத்தை என்ன செய்வது என்று ஆந்தை அரசன் அமைச்சரைக் கேட்கிறான். சரணடைந்தவனைக் கொல்வது தகாது என்று மற்றையோர் சொல்கிறார்கள். இரத்தாட்சன் ஒருவன் மட்டுமே உடனே கொன்றுவிடு என்கிறான். கதையின் முடிவு யாரை அறிவாளியாக்குகிறது? கொல்லச் சொன்னவனை. இரக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் மூடர்களாகிக் குகைக்குள்ளே வெந்து போகிறார்கள். இரத்தாட்சன் தன் பரிவாரத்தோடு முன்னரே வெளியேறித் தப்பிக்கொள்கிறான். வேற்றினத்தவன் காயத்தோடு வந்தாலும் நம்பாதே, அவன் ஒற்றன்; இதுவே பிள்ளைகளின் மனத்திலே படியும் பாடம்.

“எளியவரின் ஆயுதம் தந்திரம் அல்லவா? அதையும் பறிக்கப் பார்க்கிறீர்களா?” என்று ஒரு நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்திலே, சிங்கத்தைக் கிணற்றின் கரைக்கு அழைத்துச் சென்று அதன் நிழலையே காட்டி அழித்த முயலை நாம் மனமாரப் போற்றுகிறோம். அங்கே பகை செயலில் இருக்கிறது: ஒருவன் தின்கிறான், மற்றவர் தின்னப்படுகிறார்கள். தின்பவன் வீழ்ந்தால் காடு மூச்சு விடுகிறது. காகம்-ஆந்தைக் கதையிலோ பகை பிறப்பில் ஏற்றப்பட்டுவிட்டது. இரவிலே வந்து கொன்ற ஆந்தைக்கும் குகையிலே கண்திறவாத ஆந்தைக்குஞ்சுக்கும் அக்கினி வேறுபாடு பார்க்கவில்லை, கதாசிரியரும் பார்க்கவில்லை.

இது பழமையின் குறை, நவீன இலக்கியம் இதைக் கடந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 1945இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை எடுத்துக்கொள்வோம். புரட்சி ஒன்று காட்டிக்கொடுக்கப்படுவதை அது சாடுகிறது. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைச் சாடியது குற்றமன்று. இடதுசாரிகளே முன்னின்று சாடியிருக்க வேண்டியவை அவை. ஆனால் அந்தக் கதையிலே பன்றிகள் பிறவியிலேயே புத்திசாலிகள். உழைத்துத் தேயும் குதிரையான பொக்சர் எழுத்துகளில் நான்கைத் தாண்ட முடியாதது. ஆள்பவனின் அறிவும் உழைப்பவனின் அறியாமையும் இங்கேயும் இனக்குணமாகிவிட்டன. உழைப்பாளி படிக்கமாட்டான் என்று முதலாளி சொன்னால் சீறுகிறோம். ஒரு குதிரையை வைத்துக் கதாசிரியர் சொன்னால் இலக்கியம் என்கிறோம்! அந்நூலின் மெய்யான ஒற்றுக் கதை நூலுக்கு வெளியே நடந்தது. 1949இல் ஓர்வெல் தாம் நம்பத்தகாதவர் என்று கருதிய 38 பேரின் பெயர்ப் பட்டியலை, பிரித்தானிய அரசின் இரகசியப் பிரசாரப் பிரிவிலே பணியாற்றிய செலியா கேர்வன் என்ற பெண்ணிடம் கொடுத்தார். முன்னர் அவர் மணம் பேசி மறுக்கப்பட்ட பெண் அவர். 1954இல் வந்த அந்நூலின் சித்திரப் படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மறைவிலே பணம் கொடுத்தது. கதையின் முடிவும் மாற்றப்பட்டது. விலங்குக் கதை குழந்தை விளையாட்டு என்று நாம் நினைத்தோம்; வல்லரசுகள் அப்படி நினைக்கவில்லை.

இனி நமது மண்ணுக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கரையோரமாகத் தமிழர் ஊரும் முஸ்லிம்கள் ஊரும் மாறி மாறிக் கிடக்கின்றன. காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். இரு சாராரும் பேசுவது தமிழ். இரு சாராரிடமும் தாய்வழி வரும் குடிமுறை உண்டு. மகளுக்கு வீடு கொடுப்பதும், மருமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இரு சாராருக்கும் பொதுவான வழக்கங்கள். ஒரே நெல்லை உண்டு, ஒரே வாவியில் வலை வீசி வாழ்ந்தவர்களை யாராவது காகம் என்றும் ஆந்தை என்றும் பிரிக்க முடியுமா?

பிரித்தார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சில நாட்களுக்குள் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே, குழந்தைகளும் பெண்களும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களை இராணுவத்தினர் கொன்றனர். கொன்றவர்கள் எல்லாரும் ஒரே நியாயத்தைத்தான் கைக்கொண்டார்கள்: அந்த இனத்திலே பிறந்தவன் எதிரியின் ஒற்றன், ஆகவே குஞ்சும் குருமனும் உட்பட எரிக்கத்தக்கவன். சுற்றிவளைப்புகளிலே முகத்தை மூடிக்கொண்டு நிறுத்தப்பட்ட ‘தலையாட்டி’யை இந்த மண் அறியும். அவன் தலை அசைந்தால் ஓர் உயிர் போயிற்று. ‘துரோகி’ என்று எழுதிய அட்டை மின்கம்பத்துப் பிணத்தின் கழுத்திலே தொங்கியதையும் இந்த மண் அறியும். ஒற்றன் என்ற சொல் நமக்குக் கதைச் சுவையன்று. பிணம் விழுத்திய சொல்.

பஞ்சதந்திரம் படித்துத்தான் கொலை செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. துப்பாக்கியை நூல் தருவதில்லை; அரசும் அதிகார வேட்கையும் தருகின்றன. ஆனால் துப்பாக்கி ஏந்தியவனுக்குத் தன் செயல் இயல்பானது என்று தோன்றச் செய்யும் மனநிலையைக் கதைகளும் வளர்க்கின்றன. நமது நாட்டிலே பாடசாலைகளும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்தே கிடக்கின்றன. அடுத்த ஊர்ப் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமராத பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிக் கொடுப்பது கதைதான். போர் 2009இல் முடிந்தது. பிரிந்த வாங்குகள் இன்னும் ஒன்று சேரவில்லை.

அப்படியாயின் அந்த நூலை எரித்துவிடலாமா? எரிப்பது காகங்களின் வேலை; நமது வேலை வாசிப்பது. பஞ்சதந்திரத்தை எதிர்த்து வாசிக்கும் வழியைப் பஞ்சதந்திரமே தருகிறது. காகத்துக்கும் ஆந்தைக்கும் பகை எப்படி வந்தது? நூலே சொல்கிறது: பறவைகள் கூடி ஆந்தைக்கு முடிசூட்டப் புறப்பட்டன, காகம் ஒன்று வந்து இழித்துப் பேசியது, முடிசூட்டு நின்றது, அவமானப்பட்ட ஆந்தை பகை சாற்றியது. பின்னர் அக்காகமே, ஏன் பேசினோம் என்று வருந்தியது. ஆகவே பகை பிறப்பிலே வந்ததன்று. ஆட்சிப் பதவி பற்றிய தகராறிலே வந்தது. அதற்கு ஒரு நாள் இருந்தது, ஒரு காரணம் இருந்தது, ஒரு வருத்தமும் இருந்தது. தொடக்கம் உள்ள பகைக்கு முடிவும் உண்டு. கதாசிரியர் தாம் எழுதியதைத் தாமே மறந்துவிட்டார். நாம் மறக்க வேண்டியதில்லை.

இவ்வாறு நூலோடு வழக்காடியவர் முன்னரும் ஒருவர் இருந்தார். முதல் தந்திரத்திலே நண்பரைப் பிரித்து எருதைக் கொல்விக்கும் நரி தண்டனையின்றித் தப்பிவிடுகிறது. அரபியில் பெயர்த்த இப்னுல் முகப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்த நரியை விசாரணை மன்றத்திலே நிறுத்தித் தண்டிக்கும் புதிய அத்தியாயம் அவருடைய சேர்க்கை என்றே அறிஞர் கருதுகின்றனர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இருந்த துணிவு இன்றைய ஆசிரியருக்கு வேண்டாமா?

தமிழ் மரபிலே பறவைக்கு வேறு தொழிலும் உண்டு. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிந்தே வகுத்தார். ஒற்றன் மறைந்து செல்கிறான். தூதன் முகம் காட்டிச் செல்கிறான். நமது தூது இலக்கியங்களிலே கிளியும் அன்னமும் நாரையும் தூதாகவே போயின. குறுந்தொகையிலே கபிலரின் தலைவி, தன் களவு மணத்துக்குச் சாட்சியாக இருந்தது நீரிலே ஆரல் மீனைப் பார்த்து நின்ற நாரை ஒன்றே என்கிறாள். அந்த நாரை மனிதனாகவில்லை, உளவும் சொல்லவில்லை. நாரையாகவே நின்று ஒரு பெண்ணின் தனிமையை நமக்குக் காட்டிவிட்டது. விலங்கை விலங்காகவே வைத்து மனிதரைச் சொல்லும் கலை நமக்குப் புதிதன்று. வாவிக்கரைப் பிள்ளைகள் நாள்தோறும் காணும் நாரையும் அதுவே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! காகமும் ஆந்தையும் வகுப்புக்கு வரட்டும்; தனியே வரவேண்டாம், கேள்விகளோடு வரட்டும். குகைக்குள்ளே எரிந்த குஞ்சின் குற்றம் யாது? ஆலமரத்திலே தினந்தோறும் செத்தவர்களை ஏன் எவரும் கேட்கவில்லை? எலிப்பெண் எலியை மறுத்திருந்தால் முனிவர் என்ன செய்திருப்பார்? அடைக்கலம் கொடுக்கச் சொன்னவர்களா மூடர்கள்? இக்கேள்விகளை எழுவான்கரைப் பிள்ளையும் படுவான்கரைப் பிள்ளையும், தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கேட்கப் பழகட்டும். கேட்கப் பழகிய பிள்ளையைக் கொள்ளி சுமக்க அழைப்பது எந்த அமைச்சனுக்கும் எளிதன்று.