சின்ன விளக்குதானே என்று விடலாமா?

பேரனின் கிடார் ஆம்ப்ளிஃபயரில் பவர் விளக்கு எரியாமல் போய் ஒரு மாதம் இருக்கும். சத்தம் ஒழுங்காக வருகிறதே, விளக்குதானே என்று அவன் விட்டுவிட்டான். போன வாரம் காலையில் அவன் அறை ஜன்னலைத் திறக்கப் போனபோது பெட்டியின் பின்பக்கம் என் கை பட்டது. சுட்டது. ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது.

"ஆஃப் பண்ணிட்டேன்னு நினைச்சேன் தாத்தா" என்றான்.

கடையில் கேட்டால் முன்பக்க போர்டையே மாற்ற வேண்டுமாம், 1,800 ரூபாயாம். ரிச்சி தெருவில் ஒரு எல்இடி இரண்டு மூன்று ரூபாய். நாமே மாற்றிவிடலாம் என்றேன். என் மனைவி, "எழுபத்து மூணு வயசுல இது தேவையா? கை வேற நடுங்குது" என்றாள். கை நடுங்குவது உண்மைதான்.

இருந்தாலும் இது வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை என்பதுதான் என் கட்சி. நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். பழைய மேனுவல் போர்டில் ஒருவர் ரிசீவரை எடுத்தால் அவருடைய விளக்கு எரியும். அந்த பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் மனிதர் காத்துக்கொண்டே இருப்பார், ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. பல்பைப் பிடுங்குவதற்கென்றே ஒரு தனிக் கருவி வைத்திருப்போம். அன்றன்றைக்கு மாற்றிவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எழுபதுகளில் எங்கள் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்த நண்பன் ஒருவன். வால்வு ஆம்ப்ளிஃபயர். கோயில் திருவிழா மேடையில் ஏதோ இரைச்சல் என்று பின் பலகையைக் கழற்றினான். விளக்கு எரியவில்லை, அதனால் ஆஃப் என்று நினைத்துக் கையை உள்ளே விட்டான். பல்பு ஃபியூஸ் ஆனது யாருக்கும் தெரியாது. உள்ளே நானூறு வோல்ட்டுக்குக் குறையாது. தூக்கி எறிந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் இடது கையில் இரண்டு விரல்கள் வெந்து, அந்த வருஷம் முழுக்க அவன் கிடாரைத் தொடவில்லை. மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே எரியாத விளக்கை நம்பி எதையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறமும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, வடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே கை.

பேரனுடையது டிரான்சிஸ்டர் வகை. நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான். எடுத்த எடுப்பில் எல்இடியைக் குறை சொல்லக் கூடாது. ஸ்பீக்கர் அதிர்ச்சியில் ஈயப்பற்று விட்டிருக்கலாம், ரெசிஸ்டர் போயிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தன. மீட்டரில் டயோடு சோதனைக்கு எல்இடி மட்டும் அசையவில்லை. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். நீளமான கால் பாசிட்டிவ், விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். திருப்பி வைத்தால் எரியாது.

நீல விளக்கு போடலாமா என்று கேட்டான். போடலாம். இதில் 15 வோல்ட் சப்ளை, 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர். சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 13 வோல்ட், சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும். நீலம் 3 வோல்ட் எடுத்தால் 8 ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ராத்திரியில் அந்த நீலம் கண்ணைக் குத்தும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவனிடம் கேட்டுப் பாருங்கள். சிவப்பே போட்டோம்.

சால்டரிங் அயர்னை அவன்தான் பிடித்தான். முதல் தடவை ஈயம் உருண்டையாக நின்றது. இரண்டாம் தடவை பளபளவென்று படிந்தது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். போர்டை மாற்றச் சொன்ன கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு நேரம்தான் காசு. ஆனால் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஸ்குரூவைக் கழற்றும் பிள்ளைகளைக் கண்டால் பயமாக இருக்கிறது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். நமக்கும் வேறென்ன வேலை?

நேற்று அவனுடைய சிநேகிதன் வந்தான். அவன் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஃபெண்டர் வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் விளக்கு இல்லையாம். அது பெரும்பாலும் 6.3 வோல்ட், 47-ஆம் எண் பல்பு, பழைய வால்வு ரேடியோவில் டயலுக்குப் பின்னால் எரியுமே அந்த ஜாதி. பல மாடல்களில் முன்பக்கச் சிவப்புக் கண்ணாடி மூடியைத் திருகி எடுத்து, பல்பை அழுத்தித் திருப்பினால் வந்துவிடும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை திறக்க வேண்டி வந்தால், நான் மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை இரண்டு பேரும் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நிபந்தனை.