பினாங்கில் எங்கே தங்குவது?

ராயபுரம், திருவொற்றியூர்ச் சகோதரிகளுக்குப் பினாங்கு புதிய பெயரல்ல. 1973 வரை 'ரஜுலா' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்த வழியாகத்தானே சிங்கப்பூருக்குப் போய் வந்தது! தாத்தா டெக்கில் பாய் விரித்துப் போன ஊருக்குப் பேரப்பிள்ளைகள் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். போகட்டும். தங்குவது எங்கே?

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ரிஸார்ட் வேண்டும் என்பார் வீட்டுக்காரர். காசிமேட்டுக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்துக் கிடப்பதைப் பாவம், மறந்திருப்பார். கடலைப் பார்க்க நமக்குத் தனிப் பணமா? ஜார்ஜ் டவுனில் பழைய சீனர் வீடுகளைச் செப்பனிட்டுச் சின்னச் சின்ன ஹோட்டல்களாக்கியிருக்கிறார்கள். நடுவே முற்றம்; வழவழவென்று பூப்போட்ட தரை. குயீன் தெரு மாரியம்மன் கோயிலும், காலை இட்டிலியும் நடக்கிற தூரத்தில்.

ஆனால் படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். அவை குறுகலான, நீளமான வீடுகள். நடு அறைகளுக்கு ஜன்னல் இல்லாமலும் இருக்கும். மாடிப்படியோ செங்குத்து, லிப்டும் எல்லா இடத்திலும் கிடையாது. முழங்கால் வலிக்கார மாமியார் நாலு நாளும் அறையிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். "கீழ்த்தளத்தில் அறை உண்டா? ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும்?" என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டாருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வேறு. அதையும் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.