மூங்கில் என்ற பெயருக்கு நாம் கொடுக்கும் விலை



போன மாதம் நம்மிடம் படித்த ஒரு பிள்ளையின் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். புது வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். அறைக்குள் கட்டிலில் பட்டுப் போல மினுங்கும் ஒரு விரிப்பு.

"இது மூங்கில் பெட்சீட் டீச்சர். தலையணை உறையோட 18,500 ரூபா. ஒன்லைன்ல எடுத்த" என்றார் பிள்ளையின் உம்மா.

அந்த உம்மா பன்பாய் இழைப்பவர். பிள்ளையின் கொப்பி, சப்பாத்து, டியூஷன் எல்லாம் பாய் விற்ற காசில்தான் வந்தன. "நீங்க இழைச்ச பாய் ஒன்றும் இங்க இல்லையா?" என்று கேட்டோம்.

"மாப்பிள வீட்டாக்கள் வருவாங்களே டீச்சர். பாயக் கண்டா நம்மள என்ன நெனப்பாங்க?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மூங்கிலை நாம் எல்லோரும் கையால் தொட்டிருக்கிறோம். ஏணி செய்வோம், பந்தல் போடுவோம், கூடை பின்னுவோம். அந்தக் கட்டைத் தடி எப்படி இவ்வளவு மெல்லிய துணியானது என்று எப்போதாவது கேட்டோமா? விஞ்ஞானம் படிப்பிக்கும் நமக்கே அன்றுவரை அந்தக் கேள்வி வரவில்லை.

விடை இதுதான். மூங்கிலை அரைத்துக் கூழாக்கி, சோடியம் ஐதரொட்சைட்டிலும் காபன் இருசல்பைட்டிலும் போட்டுக் கரைக்கிறார்கள். அந்தப் பாகை நுண்ணிய துளைகள் வழியாக அமிலத்துக்குள் தள்ளினால் நூல் வருகிறது. இதன் பெயர் விஸ்கோஸ். ரேயோன் என்றும் சொல்வார்கள். 1892 இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பழைய முறை இது. மரக்கூழிலும் இதே நூலைச் செய்யலாம். நூலாகிய பிறகு எது மரம், எது மூங்கில் என்று தொட்டுப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அப்படியானால் "நூறு வீதம் இயற்கை", "கிருமி அண்டாது" என்ற விளம்பரம்? மூங்கில் மரத்தில் என்ன குணம் இருந்தாலும், இத்தனை இரசாயனத்தில் கரைந்து வந்த நூலில் அது மிஞ்சுவதில்லை. இது நமது கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009 இலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறது. ரேயோன் துணியை மூங்கில் என்று விற்றதற்காக 2022 இல் வோல்மார்ட் 30 இலட்சம் டொலரும் கோல்ஸ் 25 இலட்சம் டொலரும் கட்ட நேர்ந்தது. அங்கே அபராதம் கட்டவைத்த அதே வார்த்தை, இங்கே நமது பேஸ்புக்கில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது.

காபன் இருசல்பைட்டு நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. அதைச் சுவாசிப்பது ஆலையில் நிற்கும் தொழிலாளி. "சூழலுக்கு நண்பன்" என்று பெட்டியில் அச்சடிப்பவர் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

சமையலறைக்குள்ளும் இதே கதைதான். மூங்கில் கப், மூங்கில் பிளேட் என்று வருபவற்றில் பல, மூங்கில் தூளை மெலமின் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தவை. அதாவது, தூள் கலந்த பிளாஸ்டிக். சூடான பானம் ஊற்றினால் மெலமினும் போமல்டிகைட்டும் அளவுக்கு மீறிக் கசியலாம் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020 இல் எச்சரித்தது. அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்ற இறங்கியது. நாம் அதில்தான் குழந்தைகளுக்குச் சுடச்சுடப் பால் ஊற்றிக் கொடுக்கிறோம்.

நீதியாகவும் பேச வேண்டும். விஸ்கோஸ் கெட்ட துணி அல்ல. மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மூங்கிலும் வேகமாக வளரும் நல்ல பயிர்தான். இரசாயனத்தைத் திரும்ப எடுத்துப் பாவிக்கும் லையோசெல் முறையில் செய்த துணி இன்னும் மேல். உண்மையான மூங்கில் கூடையிலும் கரண்டியிலும் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழக்கும். கிணற்றடியில் ஊறப்போட்டுக் கல்லில் அடித்துத் துவைக்கும் நமது வீடுகளுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? பருத்தி அப்படி அல்ல, நனைந்தால் இன்னும் உறுதியாகும். மருதமுனைக் கைத்தறிப் பருத்தி விரிப்பு இதில் கால்வாசி விலைக்கு வருகிறது. அதையும் நாம் "கொஞ்சம் குறைங்களன்" என்றுதானே கேட்டு வாங்குகிறோம்?

இங்கேதான் நமக்கு வெட்கம் வர வேண்டும். சேற்றில் இறங்கிப் பன் வெட்டி, காயவைத்து, சாயம் போட்டு, நாட்கணக்கில் குந்தியிருந்து ஒரு பெண் இழைக்கும் பாயில் நூறு ரூபா குறைக்கப் பேரம் பேசுகிறோம். முகம் தெரியாத ஒன்லைன் கடைக்கு 18,500 ரூபாவை ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்புகிறோம். உண்மையில் மண்ணில் முளைத்து, கையால் உருவாகி, மண்ணுக்கே திரும்புவது அந்தப் பாய்தான். அதற்கு விளம்பரம் செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். அந்த வியாபாரி விற்றதும் தானியம்தான், கல் அல்ல. குறையை மறைத்ததுதான் குற்றமானது. விஸ்கோஸ் என்று தெரிந்துகொண்டு மூங்கில் என்று மட்டும் எழுதுவது எந்த வகை என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். விஸ்கோஸ் என்று எழுதுங்கள், விரும்பியவர் வாங்குவார்.

வாங்கும் நாமும் மூன்று விடயம் செய்வோம். "இது விஸ்கோஸா, லையோசெல்லா, கலப்பா?" என்று எழுத்தில் கேட்போம். பதில் சொல்லாதவரிடம் வாங்காமல் விடுவோம். பொய் சொல்லி விற்றவர் மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடுவோம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். உங்கள் மருமகளின் உம்மா இழைத்த பாயை அந்த வீட்டில் விரிக்கச் சொல்லுங்கள். அதைக் கேவலமாக நினைக்க மாட்டீர்கள் என்று உங்கள் வாயாலேயே முதலில் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்ல அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாம்தான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவைத் தருவானாக. சரியென்று பட்டால் பகிருங்கள். பிழையிருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்வோம்.