'303' துப்பாக்கி: அங்கே புதையல், இங்கே சுமை

2020-ம் ஆண்டு குடியரசு தினத்தன்று உத்தரப்பிரதேசத்தில் ஒரு வழியனுப்பு விழா நடந்தது. பணி ஓய்வு பெற்றது ஓர் அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வு பெற்றது ஒரு துப்பாக்கி! '303' என்று நாம் சிறு வயது முதல் கேட்டுப் பழகிய அந்தத் துப்பாக்கியை ஏந்தி, அம்மாநிலப் போலீஸார் கடைசி முறையாக அணிவகுத்துச் சென்றார்கள். அதன்பின் அது ஆயுதக் கிடங்குக்குப் போய்விட்டது.

இதே துப்பாக்கியை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கானோர் ஆசையோடு வாங்கிச் சேர்க்கிறார்கள். துரு நீக்கி, எண்ணெய் தடவி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வீட்டில் பூட்டி வைத்துப் பெருமைப்படுகிறார்கள். ஒரே பொருள் ஓர் ஊரில் புதையலாகவும் மற்றோர் ஊரில் கழித்துக் கட்ட வேண்டிய சுமையாகவும் இருப்பது ஏன்? கிடங்குக்குப் போன துப்பாக்கிகளை நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி போலீஸ் இலாகாவுக்கு மட்டும் உரியதல்ல. ரெயில் நிலையத்தில் கால்கடுக்க நிற்கும் நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

கதவுத் தாழ் போல...

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சில வார்த்தைகள். இதை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. லண்டனுக்கு அருகில் உள்ள என்பீல்டு என்ற இடத்து ஆயுதத் தொழிற்சாலையின் பெயரும் சேர்ந்து 'லீ-என்பீல்டு' ஆயிற்று. 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் நுழைந்தது. 303 என்பது குழலின் உள்விட்ட அளவு. அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. எடை ஏறக்குறைய 4 கிலோ. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும்.

இதன் இயக்கம் எளிது. கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சுட்டதும் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளிப் பூட்டினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். ஒவ்வொரு சூட்டுக்கும் இந்த வேலையைக் கையால் செய்தாக வேண்டும். நல்ல பயிற்சி உள்ள சிப்பாய் நிமிஷத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடுவார். முதல் உலக யுத்த காலத்தில் அது பெரிய வேகம்.

இந்த ஆயுதத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890-களில் 303-க்காகச் செய்யப்பட்ட, உடலுக்குள் போய் விரியும் குண்டுதான் 'டம்டம் குண்டு' என்று உலகம் முழுவதும் பெயர் பெற்றது. 1899-ல் ஹேக் மாநாடு அவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் டயரின் உத்தரவுப்படி 1,650 ரவுண்டுகள் பாய்ந்தது 303 துப்பாக்கிகளிலிருந்துதான். இரண்டு உலக யுத்தங்களில் இதைத் தோளில் சுமந்து அன்னிய மண்ணில் மடிந்தவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம்.

வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் இது பல்லாண்டு தயாரிக்கப்பட்டது. 1962-ல் சீனப் படையின் தானியங்கி ஆயுதங்களுக்கு எதிரே நம் ஜவான்கள் பனிமலையில் பிடித்து நின்றதும் இதைத்தான். அந்த யுத்தத்துக்குப் பிறகு இஷாப்பூரில் இதே அமைப்பில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற புதிய ரகம் ஒன்றும் செய்தார்கள். ராணுவம் படிப்படியாக வேறு துப்பாக்கிகளுக்கு மாறியது. கழிந்த 303 போலீஸாரின் தோளுக்கு வந்து சேர்ந்தது.

சேகரிப்போர் உலகம்

இனி வெளிநாட்டுக்கு வருவோம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் ஒவ்வொரு நாட்டுக் கிடங்கிலும் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் மிஞ்சின. வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கி அமெரிக்காவில் இறக்கினார்கள். தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே துப்பாக்கி வரும் காலம் அது. 1963-ல் ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்ததும் அப்படித் தபாலில் வந்த, யுத்தத்தில் மிஞ்சிய ஓர் இத்தாலியத் துப்பாக்கியே. தாழை இழுத்துத் தள்ளும் இதே இனம். அதன் எதிரொலியாக 1968-ல் வந்த சட்டம் தபால் விற்பனைக்கும் ராணுவக் கழிவு இறக்குமதிக்கும் கதவை அடைத்தது. எண்பதுகளின் மத்தியில் கதவு மீண்டும் ஓரளவு திறந்தது. அந்த வழியில் நம் இஷாப்பூர்த் துப்பாக்கிகளும் கடல் கடந்தன. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டவற்றைச் சேகரிக்க அங்கே தனி லைசென்ஸே இருக்கிறது.

சேகரிப்போர் செய்யும் வேலையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டிக் கிரீஸை முதலில் கரைத்து எடுக்க வேண்டும். வறண்டுபோன மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை நாள் கணக்கில் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். பழைய தோட்டாக்களின் மருந்தில் இருந்த உப்பு குழலுக்குள் தங்கி ஈரத்தை இழுத்து அரித்திருக்கும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டபின் கொதிநீர் விட்டுக் கழுவுவது சிப்பாய்களின் பழைய பழக்கம். தாழின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் யாரும் சுடத் துணியமாட்டார்கள். அந்த இடைவெளி அதிகமானால் தோட்டா வெடித்துச் சுடுபவன் முகத்திலேயே அடிக்கும்.

அவர்களிடையே ஒரு தர்மமும் உண்டு. எல்லாவற்றையும் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கக் கூடாது! குழலிலும் தாழிலும் ஒரே எண் பொறித்திருந்தால் மதிப்பு அதிகம். கட்டையில் யாரோ ஒரு சிப்பாய் கீறிய கோட்டை அழித்தால் மதிப்பு போயிற்று. முன்பு பலர் வேட்டைக்கு வசதியாகக் கட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கெடுத்தார்கள். இன்று அப்படி அறுபட்டவற்றுக்குப் பழைய கட்டை தேடிப் பொருத்துவதே ஒரு பெரிய வேலையாகிவிட்டது. இஷாப்பூர்த் துப்பாக்கியை அவர்கள் ஓர் அடையாளத்தால் கண்டுகொள்வார்கள்: மரம் பிளக்காதிருக்கக் கட்டையின் குறுக்கே நம் தொழிலாளர்கள் முடுக்கிய ஒரு திருகாணி. பெயர் தெரியாத வங்காளத் தொழிலாளியின் கைவேலையை ஏழு கடல் தாண்டி ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து ரசிக்கிறார்!

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த ஆசை இங்கே யாருக்காவது வந்தால் என்ன ஆகும்? 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் மூலம் வெள்ளை சர்க்கார் நம்மவர் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புதிய சட்டம் வந்தது. அதன் கீழும் 303, படைகளுக்கு உரிய அளவு என்பதால், தடை செய்யப்பட்ட ரகம். எனவேதான் லைசென்ஸ் பெற்ற பொதுமக்களுக்காக அதே தாழ் அமைப்பில் '.315' என்ற வேறு அளவில் துப்பாக்கி செய்து விற்கிறார்கள். 2019-ல் சட்டம் மேலும் இறுகியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. தடை செய்த ரகத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் ஏழு முதல் பதினான்கு ஆண்டுச் சிறை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு சிறு ஜன்னலும் உண்டு. வழக்கொழிந்த அல்லது புராதன மதிப்புள்ள ஆயுதம், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால், அதற்குச் சட்டத்தின் கெடுபிடி இல்லை. இந்த ஜன்னலைப் பின்னால் பார்ப்போம்.

சட்டம் கடுமையாக இருப்பதில் நியாயம் உண்டு. பழைய துப்பாக்கி செத்த பாம்பு அல்ல. மாவோயிஸ்டுகள் போலீஸ் நிலையங்களைத் தாக்கிக் கொள்ளையிட்ட ஆயுதங்களில் 303-ம் உண்டு. ஆப்கானிஸ்தானத்தில் எண்பதுகளில் சோவியத் படையை எதிர்த்தவர்கள் கையிலும் இது இருந்தது. 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டபோது, ரஷ்யா பக்கம் நின்ற டோனெட்ஸ்க் பகுதியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் சிலரிடம் மோசின் என்ற, ஜார் காலத்து வடிவமைப்பில் வந்த தாழ்த் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியதை உலகமே படத்தில் பார்த்தது. தோட்டா கிடைக்கும் வரை துப்பாக்கிக்கு வயதில்லை.

ரெயில் நிலையத்தில் ஓர் இரவு

மும்பையில் வாழும் நமக்கு 303 என்றதும் நினைவுக்கு வருவது வேறு காட்சி. 2008 நவம்பர் 26 இரவு, சத்ரபதி சிவாஜி ரெயில் நிலையம். தொலைதூர வண்டிக்காக மூட்டை முடிச்சுகளோடு தரையில் உட்கார்ந்திருந்த ஏழை எளியவர்கள் மீது இரண்டு பயங்கரவாதிகள் தானியங்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்தில் மட்டும் மாண்டார்கள். எதிரே நின்ற போலீஸார் சிலரிடம் லத்தி. சிலரிடம் 303. நிமிஷத்துக்கு 600 ரவுண்டு வேகத்தில் சுடும் ஆயுதத்துக்கு எதிரே, ஒவ்வொரு தடவையும் தாழை இழுத்துத் தள்ள வேண்டிய ஆயுதம்! அப்படியும் சிலர் எதிர்த்து நின்றார்கள் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

இதை எழுதுபவன் ரெயில்வே குமாஸ்தா. அந்த இரவில் பணியில் இருந்த மூத்தவர்கள் சிலர் இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்கள். பிளாட்பாரத்தில் பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரரும் நம்மைப் போல் மாதச் சம்பளக்காரர்தான். இலாகா கொடுத்த சாமானை வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டியவர்.

தாராவியில் வசிக்கும் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் அறுபதுகளில் ராணுவத்தில் சேர்ந்தவர். பயிற்சியில் அவருக்குக் கொடுத்தது 303. "வெளிநாட்டில் இதைத் தேடித் தேடி வாங்கி வைக்கிறார்களாமே, அய்யா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"வைக்கட்டும் தம்பி. நல்ல சாமான்தான். சேத்துல போட்டு எடுத்தாலும் வேலை செய்யும். ஆனா அவன் ஞாயித்துக்கிழமை சாவகாசமா குறி பாத்துச் சுடுதான். போலீஸ்காரன் அதை வச்சு உசிரைக் காப்பாத்தணும். ரெண்டும் ஒண்ணாவே?"

விஷயத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சேகரிப்பவருக்கு அது வேலையிலிருந்து விடுபட்ட பொருள். அதனால்தான் அழகாக இருக்கிறது. நம் போலீஸ்காரருக்கு அது விடுபடாத பொருள். இந்தத் துப்பாக்கி 1995-லேயே காலங்கடந்தது என்று அறிவிக்கப்பட்டுவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து மும்பைத் தாக்குதல். அதற்கும் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் உத்தரப்பிரதேசத்தில் வழியனுப்பு விழா. இடைப்பட்ட காலமெல்லாம் காட்சிசாலையில் இருக்க வேண்டியதைத் தோளில் மாட்டிக் காவலுக்கு நிறுத்தினோம்.

என்ன செய்யலாம்?

கழித்த துப்பாக்கிகளை ஏலம் விட்டு அமெரிக்கா போல் சேகரிப்போரிடம் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டுக்கு அது ஒத்துவராது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளையே போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நாடு இது. சுடக்கூடிய 303 ஒன்று கூட ஆயுதக் கிடங்கிலிருந்து சந்தைக்கு வரக் கூடாது. பெரும்பகுதியை எண் சரிபார்த்து, கணக்கு எழுதி, உலையில் போட்டு உருக்குவதே சரி.

ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு உருக்கிவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது. மேலே சொன்ன ஜன்னல் இங்கேதான் உதவும். ஒவ்வொரு மாநிலமும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, குழலை அடைத்து, தாழைச் செயலிழக்கச் செய்து, மறுபடி ஒருபோதும் சுட முடியாதபடி ஆக்கி வைக்கலாம். வெள்ளைக்கார மன்னரின் முத்திரை உள்ளது ஒன்று, அசோகச் சிங்க முத்திரை உள்ளது ஒன்று என அருகருகே வைத்தால் ஒரு நாட்டின் கதையே தெரியும். செப்பனிடும்போது சேகரிப்போரின் தர்மத்தை நம் அருங்காட்சியகங்களும் கடைப்பிடிக்க வேண்டும். நம் அலுவலக வழக்கப்படி பளபளவென்று வார்னிஷ் அடித்து எண்ணை அழித்துவிடக் கூடாது. அந்தத் துப்பாக்கி எந்த ஆண்டு பிறந்தது, எந்தப் படையிடம் இருந்தது, எந்தக் காவல் நிலையத்தில் முடிந்தது என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிட வேண்டும். அந்த விவரமெல்லாம் இன்று கிடங்குப் பதிவேடுகளில் இருக்கிறது. துப்பாக்கியை உருக்கிய பின் பதிவேட்டையும் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

மும்பையில் ஒரு துப்பாக்கியை அப்படி வைக்க நேர்ந்தால், அதன் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதலாம்: 'இது நல்ல ஆயுதம். இதைக் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் இதைவிட நல்ல ஆயுதத்துக்கு உரியவர்கள்.'

பழைய பொருளைப் போற்றுவது பண்பு. பழைய பொருளைக் கொடுத்து ஒருவனைச் சண்டைக்கு அனுப்புவது பாவம். முதலாவதை நாம் இன்னும் சரியாகக் கற்கவில்லை. இரண்டாவதை வெகுகாலம் செய்துவிட்டோம். இன்று வாங்கும் ஆயுதமும் ஒருநாள் பழையதாகும். அந்த நாள் வந்ததும் அதைத் தோளிலிருந்து இறக்கிவிட வேண்டும். அடுத்த முறை ரெயிலுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் காவலரின் கையைச் சற்றே பாருங்கள். அவர் கையில் இருப்பது நம் உயிருக்கும் காவல்.