எலுமிச்சம்பழமும் ஃபோர்க்லிஃப்டும்

செப்டம்பர் 17 அன்று சாக்கன் பக்கம் வந்து பாருங்கள். விஸ்வகர்மா பூஜை. பீகார், உ.பி.யிலிருந்து வந்த ஆபரேட்டர் பையன்கள் ஃபோர்க்லிஃப்டைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு மணப்பெண் மாதிரி நிறுத்தியிருப்பார்கள். அடுத்து தசரா வரும். அது மராத்திக்காரர்கள் முறை. மறுபடியும் சாமந்தி மாலை, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு. வருஷத்துக்கு இரண்டு பூஜை பார்க்கும் இந்த வண்டிக்கு ஒழுங்கான சோதனை ஒன்றாவது நடக்கிறதா என்று கேட்டால்தான் பிரச்சினை.

புனேவுக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. மெயின்டனன்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த உரிமையில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

ஃபோர்க்லிஃப்டை ஏதோ பொம்மை வண்டி போலத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டரை டன் தூக்கும் டீசல் வண்டியின் சொந்த எடையே மூன்றரை டன்னுக்கு மேல். அதாவது நாலைந்து ஆல்டோ கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எடை. முன்னால் சுமை இருப்பதால் குடை சாயாமலிருக்க, பின்னால் ஒரு பெரிய இரும்புக் கட்டியை வைத்திருப்பார்கள். திரும்புவது பின்சக்கரம், பெரும்பாலான வண்டிகளில் பிரேக் முன்சக்கரத்தில் மட்டும். திருப்பும்போது வால் பக்கம் வீசிக்கொண்டு வரும். அந்த வீச்சில் நடுவில் நிற்பவன் கதி என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் வண்டியைச் சோதிக்க ஒரு செக் லிஸ்ட் தொங்கும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, முப்பது நாளுக்கும் டிக். ஒரு இடத்தில் வார விடுமுறை நாளுக்கும் டிக் இருந்தது. கேட் பூட்டியிருந்த அன்றைக்கு வண்டி தன்னைத்தானே சோதித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறது போல!

ஆனால் இதற்கு ஆபரேட்டரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவனுக்குத் தெரிந்தது இந்தி. காகிதம் ஆங்கிலத்தில். 'மாஸ்ட் செயின் எலாங்கேஷன் - ஓகே' என்று அவன் எதை வைத்து எழுதுவான்? அந்தச் செயின் 3 சதவீதம் நீண்டுவிட்டாலே மாற்ற வேண்டும். புதிதாக இருந்தபோது 300 மில்லிமீட்டர் இருந்த நீளம் 309 ஆகிவிட்டால் அதன் ஆயுசு முடிந்தது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தாக வேண்டும். ஃபோர்க்கின் கதையும் அதேதான். எல் வடிவில் வளையும் இடம், ஹீல் என்போம், தரையில் உரசி உரசித் தேயும். 40 மில்லி தடிமன் 36 ஆகிவிட்டால், அதாவது 10 சதவீதம் தேய்ந்தால், கழற்றிப் போட வேண்டும். 10 சதவீதம்தானே என்று நினைப்பீர்கள். அந்தத் தேய்மானத்தில் தாங்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடும். எத்தனை கோடவுனில் வெர்னியர் காலிப்பரை ஃபோர்க் பக்கம் கொண்டு போயிருக்கிறார்கள்? ஆடிட் வருகிறது என்றால் மஞ்சள் பெயிண்ட் அடிப்பார்கள். ஹீலில் மயிரிழை விரிசல் இருந்தால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். தெருவில் ஓடும் ஆட்டோவுக்கு எஃப்.சி. வேண்டும். உங்கள் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி, தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று செய்த வண்டி 'மோட்டார் வாகனமே' கிடையாது. ஆக ஆர்.டி.ஓ. எட்டிப் பார்க்க மாட்டார். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கு இயந்திரங்களைத் தகுதியுள்ள ஆள் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகப் பரிசோதிக்கச் சொன்னது. அதன் பட்டியலில் கிரேன், வின்ச், புல்லி பிளாக் எல்லாம் இருந்தன. ஃபோர்க்லிஃப்ட் என்று பெயர் சொல்லவில்லை. 2025 நவம்பர் 21 அன்று அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு வந்துவிட்டது. சுவரில் தொங்கும் செக் லிஸ்ட் மட்டும் அப்படியே தொங்குகிறது. அமெரிக்காவில் விதி நேரடியாகச் சொல்கிறது: தினமும் ஓட்டுவதற்கு முன் சோதி, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் ஒவ்வொரு ஷிப்டுக்குப் பிறகும் சோதி, கோளாறு இருந்தால் வண்டியை எடுக்காதே.

அந்தக் கடைசி வரிதான் நம் ஊரில் நடக்காத காரியம். முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் (ஃபோர்க்லிஃப்ட் என் பிரிவில் இல்லை) ஒரு ஆபரேட்டர் 'பிரேக் டீலா' என்று இந்தியில் மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருந்தான். மூன்று நாளும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு, "டிஸ்பாட்ச் நிற்குது, இன்னைக்கு ஓட்டு" என்று அனுப்பினார். மூன்றாம் நாள் ரேக்கின் தூணில் போய் இடித்தது. நல்லவேளை, யார் மேலும் எதுவும் விழவில்லை. விசாரணை அறிக்கையில் காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. பையனுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அந்த மூன்று வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன்பிறகு அங்கே எவனாவது எழுதுவானா? எல்லோரும் டிக் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

"ஏ.எம்.சி. போட்டிருக்கோமே சார்" என்பார்கள். நல்லதுதான். ஆனால் மாதம் ஒருமுறை வரும் மெக்கானிக், காலை ஆறு மணிக்குத் தரையில் சொட்டியிருக்கும் ஹைட்ராலிக் ஆயிலைப் பார்க்க முடியுமா? அதை அந்த நேரத்தில் வண்டி பக்கத்தில் நிற்பவன்தான் பார்ப்பான். அதனால் என் கட்சி இதுதான்: கோளாறு என்று ஆபரேட்டர் சொன்னால் சாவி மெயின்டனன்ஸுக்குப் போக வேண்டும். திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் டிஸ்பாட்ச் ஆட்களுக்கு இருக்கக் கூடாது, பிளான்ட் ஹெட்டே போன் பண்ணினாலும். செக் லிஸ்ட் அவன் படிக்கும் மொழியில், பத்து வரிக்குள் இருக்கட்டும். பிரேக், ஸ்டீயரிங், ஹாரன், டயர், ஆயில் கசிவு, சீட் பெல்ட். செயினையும் ஃபோர்க்கையும் அளக்கிற வேலை எங்களுடையது, அவன் தலையில் கட்ட வேண்டாம். ஒரு ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் போகும். போகட்டுமே.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், டிப்ளமோ முடித்து பிவண்டி, சாக்கன் கோடவுன்களில் ஸ்டோர் சூப்பர்வைசராகச் சேரும் நம்ம பையன்கள் நிறைய. ஓட்டுவது அவர்கள் இல்லை, கையெழுத்துப் போடுவது அவர்கள். உங்கள் தம்பியோ மச்சானோ அப்படி இருந்தால், போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, இன்றைக்கு வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாயா என்றும் கேளுங்கள்.

ஓட்டுகிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாயும்போது குதிக்கத்தான் தோன்றும். குதிக்கக் கூடாது, மேற்கூரை மேலேயே வந்து விழும். பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து சீட்டிலேயே இருக்க வேண்டும்.