உதவிக்கு வருபவரை உள்ளே விடலாமா?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கிறது ஸ்ரீரங்கம். கோவிலைச் சுற்றி உத்திர வீதி, சித்திரை வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள். அங்குள்ள பல வீடுகளில் வயதான தம்பதிகள் மட்டுமே குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூரிலோ, அமெரிக்காவிலோ இருக்கிறார்கள்.

இந்தப் பெரியவர்களின் அன்றாட வாழ்க்கை யார் கையில் இருக்கிறது?

காலையில் வந்து வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாரே, அந்தப் பெண்ணின் கையில்! ஒரே வீட்டு வேலை அவருக்குக் கட்டுப்படி ஆகாது. மூன்று, நான்கு வீடுகளுக்குப் போனால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

கொரோனா வந்தபோது, இந்தப் பெண்ணை உள்ளே விடுவதா, வேண்டாமா என்பதே பெரிய கேள்வி ஆயிற்று.

மூடிய கதவு

2020-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 23-ந் தேதி வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. ரெங்கநாதர் கோவிலில் கூட பக்தர்களுக்கு அனுமதி இல்லை. செப்டம்பர் 1-ந் தேதிதான் கோவில் கதவு மீண்டும் அவர்களுக்குத் திறந்தது.

அமெரிக்காவில் உள்ள மகன் வர முடியவில்லை. சென்னையில் உள்ள மகள் திருச்சிக்கு வருவதற்கும் இ-பாஸ் வேண்டி இருந்தது.

"முதியவர்களை வெளியே விடாதீர்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால், தானாக எழுந்து உட்கார முடியாதவர் வெளியே எங்கே போகப் போகிறார்? அவருக்கு ஆபத்து, வீட்டுக்குள் வருபவர் மூலமாகத்தான் வர முடியும். அவரைத் தடுத்து விட்டாலோ வேறு ஆபத்து. புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இன்சுலின் தவறும். குளியல் அறையில் விழுந்தால் தூக்க ஆள் இராது.

27 நாட்கள்

ஊரடங்கில் பாலுக்கு விலக்கு உண்டு. காய்கறிக்கு உண்டு. மருந்துக் கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும் உண்டு. வீட்டில் முதியவரைப் பார்த்துக் கொள்பவருக்கு?

அவருக்கும் விலக்கு உண்டு என்று மத்திய உள்துறை அமைச்சகம் விளக்கம் கொடுத்தது ஏப்ரல் 21-ந் தேதி. ஊரடங்கு தொடங்கி 27 நாட்கள் கழித்து!

இது யாரும் வேண்டும் என்றே செய்தது அல்ல. வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பை ஒரு தொழிலாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் பட்டியல் எழுதியபோது அது நினைவுக்கு வரவில்லை.

தடுப்பூசியிலும் இதே கதைதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1-ந் தேதி ஊசி தொடங்கியது. அவர்களைக் குளிப்பாட்டும் 30 வயதுப் பெண்ணுக்கு மே மாதம்தான் வழி பிறந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடலாம் என்ற அறிவிப்பு வந்தது செப்டம்பரில்! இதற்கு இடையே, மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்து 184 பேருக்கு நோய் கண்டிருந்தது.

சம்பளமும் தடுப்பு மருந்தே

பணக்கார நாடுகளும் இதில் தடுமாறின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் இருந்த முதியவர்களைப் பரிசோதனை செய்யாமலே முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கொள்கை சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் லண்டன் ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் வேறு வழியில் போனது. ஓர் ஊழியர் ஒரே முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்று 2020 மார்ச் மாதக் கடைசியில் உத்தரவு போட்டது. வருமானம் குறையாமல் இருக்க ஊதியத்தையும் சரி செய்தது.

இந்த இரண்டாவது பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. நான்கு வீடுகளில் வேலை செய்பவரைப் பார்த்து, "ஒரு வீட்டுக்கு மட்டும் போ" என்றால், மற்ற மூன்று வீட்டுச் சம்பளத்தை யார் கொடுப்பது? காய்ச்சல் வந்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால், அவர் காய்ச்சலை மறைத்துக் கொண்டுதான் வருவார். "காய்ச்சலா? வீட்டில் இரம்மா. சம்பளம் குறையாது" என்று சொல்லும் வீட்டில்தான் பெரியவருக்குப் பாதுகாப்பு. பத்து நாள் சம்பளம் பெரிதா, ஆஸ்பத்திரிச் செலவு பெரிதா என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்த நோய் காற்று வழியாகவும் பரவும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் உண்டு. மூடிய ஏ.சி. அறையை விட அவை நல்லவை. காய்கறி கொண்டு வருபவரைத் திண்ணையோடு அனுப்பி விடலாம். உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடலாம். இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கை கழுவ வாசலிலேயே சோப்பு வைக்க வேண்டும்.

நோய் வந்து விட்டால், சர்க்கரை வியாதி, இதய நோய் உள்ள முதியவரை டாக்டர் பரிசோதித்துச் சம்மதித்த பிறகே வீட்டில் வைத்துக் கொள்ளலாம் என்பது மத்திய அரசின் விதி. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் தாமதம் கூடாது.

சன்னாசிப்பட்டியும் ஸ்ரீரங்கமும்

கொரோனா கற்றுக் கொடுத்த நல்ல பாடமும் உண்டு. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்சும், பிசியோதெரபி நிபுணரும் வருகிறார்கள். இத்திட்டத்தின் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில்தான். நாள்: 2022 டிசம்பர் 29.

ஆனால், மாதம் ஒரு முறை வரும் மாத்திரை வேறு. தினமும் வரும் கை வேறு. எந்த வீட்டில் பெரியவர் தனியாக இருக்கிறார்? அவருக்கு உதவ வருபவர் யார்? அவர் படுத்து விட்டால் மாற்று ஆள் யார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டும். அதில் உதவிக்கு வரும் பெண்ணின் பெயர் பெரியவரின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பட்டியல் எழுத அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.