அருட்சத்தியும் சடவாற்றலும்

மின்சாரம், காந்தம், அணுவாற்றல் ஆகிய இவையே பராசத்தி. அம்மையை வழிபடுதலாவது இவ்வாற்றலை உடம்பினுள் ஏற்றிக்கொள்ளுதலே என்னும் ஒரு கூற்று இந்நாளிற் சைவர் கூட்டங்களிலும் பெரிதும் வழங்குகின்றது. கருவறையின்கீழ்ப் பதித்த செப்புத்தகடு நிலத்தின் காந்த அலைகளை ஈர்த்து அடியார்மேற் பாய்ச்சும் என்றும், ஆதலின் திருக்கோயில் ஓர் ஆற்றல் நிலையம் என்றும் அவர் உரைப்பர். இவ்வாறு உரைப்போர் சமயத்தை இகழ்வோர் அல்லர். விஞ்ஞானம் கற்ற இளைஞர்க்குச் சமயத்தை உயர்த்திக் காட்டக் கருதும் அன்பரே. ஆயினும், நோக்கம் நன்றாதல்பற்றிக் கொள்கையும் நன்றாகிவிடாது. இக்கூற்று சித்தாந்தத்தின் அடிப்படைக்கு மாறாவதோடு அம்மையின் திருவருளையே இல்லையாக்கி விடுமாதலின், இதனை மறுத்தல் எம் கடனாயிற்று.

சடவாற்றலும் அருட்சத்தியும் அருகருகே விளங்கும் நிலம் எமது தென்பாண்டி நாடு. திசையன்விளைக்குத் தென்மேற்கே கூடங்குளத்தில், ஒவ்வொன்றும் 1000 மெகாவாட்டு மின்சாரம் தரவல்ல அணுவுலைகளுள் முதலாவது 2013-லும் இரண்டாவது 2016-லும் மின்தொடரில் இணைக்கப்பெற்றன. வடமேற்கே விசயநாராயணத்தில், நீருள் மூழ்கிச் செல்லும் கப்பல்களுக்கு வானொலி அலைகளாற் செய்தி விடுக்கும் கடற்படை நிலையம் 1990-ல் தொடங்கப்பெற்றது. பொருநை மலையினின்று இழிந்துவரும் பாபநாசத்தில் நீர்மின்சாரம் 1944 முதல் எடுக்கப்படுகின்றது. கிழக்கே குலசேகரன்பட்டினத்தில் இராக்கெட்டு ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்வூரிலேயே முத்தாரம்மை ஞானமூர்த்தீசுவரரோடு ஓராசனத்து எழுந்தருளித் தசராப் பெருவிழாக் கொண்டருளுகின்றாள். ஓரூரில் இருத்தலால் இராக்கெட்டின் உந்துவிசையும் முத்தாரம்மையின் அருளும் ஒன்றாகிவிடுமோ? ஆகா என்பது வெளிப்படை. பின் இம்மயக்கம் எங்கிருந்து வந்தது எனின், சொல்லினின்று வந்தது என்க.

மேனாட்டுப் பௌதிக நூலார், தொழில் செய்தற்குரிய திறத்தைக் குறிக்க ஒரு சொல்லைக் கொண்டனர். தாமசு யங்கு என்பார் 1807-ல் அச்சொல்லை இக்காலப் பொருளில் ஆண்டார். அதனைத் தமிழிற் பெயர்த்தோர் சிலர் 'சக்தி' என்றனர். அதனால் மின்சக்தி, அணுசக்தி என்னும் வழக்குகள் எழுந்தன. பெயர்த்தது பிழையன்று, தீயிற்குச் சுடும் சத்தி உண்டெனத் தருக்க நூலாரும் கூறுவர். பிழையாவது, சொல் ஒன்றாதல்பற்றிப் பொருளும் ஒன்றெனக் கொண்டதே. 'மா' என்னும் சொல் மரத்திற்கும் பெயர், குதிரைக்கும் பெயர். மாமரத்திற்குக் கடிவாளம் இடுவார் உளரோ?

இனிச் சித்தாந்தத் துணிபைக் கூறுவாம். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவபெருமான் நிமித்தகாரணன். இவற்றுள் சத்தியாவது முதல்வனோடு பிரிப்பின்றி நிற்கும் தாதான்மிய சத்தி, அது சித்து, அருளே அதன் வடிவு. மாயையோ அவனுக்கு உடைமையாய் நிற்கும் பரிக்கிரக சத்தி, அது சடம். இரண்டிற்கும் சத்தி என்னும் பெயர் உண்டு. ஆயினும் ஒன்று அறிவு, மற்றொன்று அறிவிலி. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவர் இயற்றிய மாபாடியத்தைப் பாடங்கேட்டார் எவர்க்கும் இவ்வேறுபாடு தெற்றென விளங்கும். வெப்பமும் ஒளியும் மின்னும் மாயையின் காரியமாகிய பூதங்களின்பாற் படுவன. ஆதலின் அவை சடமே.

அற்றேல், நெருப்பும் சூடும்போலவும் ஞாயிறும் கதிரும்போலவும் சிவமும் சத்தியும் என நும் நூல்களே கூறுகின்றனவே எனின், அது பிரிப்பின்மை ஒன்றற்கே கூறிய உவமை. பவளம் போலும் வாய் என்றவழி வாய் கல்லாகிவிடாது.

இனி, ஆற்றல் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்று விஞ்ஞானிகள் நிறுவினர், பராசத்தியும் அத்தன்மையள், ஆதலின் இரண்டும் ஒன்றே எனின், அது பொருந்தாது. அனாதியாதல் ஒன்றே பராசத்திக்கு இலக்கணமாயின், உயிரும் அனாதி, மாயையும் அனாதி, ஆணவமும் அனாதி. ஆணவத்தையும் அம்மை என்று கும்பிடுவரோ? அன்றியும், அழியாததாகிய அவ்வாற்றல் பயன்படும் நிலையினின்று பயன்படா நிலைக்கு இழிந்துகொண்டே செல்லும் என்பதனையும் அவ்விஞ்ஞானிகளே கண்டனர். கிளாசியசு என்பார் 1865-ல் அதற்குப் பெயரும் இட்டார். கூடங்குளத்து உலை ஒன்று ஏறத்தாழ 3000 மெகாவாட்டு வெப்பத்தை எழுப்ப, அதனுள் மூன்றிலொரு பங்கே மின்சாரமாகின்றது. எஞ்சிய வெப்பத்திற் பெரும்பகுதி கடலிற் கலந்தொழிகின்றது. திருவருள் இவ்வாறு இழிந்து தேய்வதென்று சொல்லத் துணிவார் யார்?

இனி, 1905-ல் ஐன்சுடீன் என்பார் சடப்பொருளும் ஆற்றலும் ஒன்றே என நாட்டினராதலின் உலகெல்லாம் சத்தியே என்பது நிலைபெற்றது என்பர். அது தம் கொள்கைக்குத் தாமே குழி பறித்தலாம். கல்லும் ஆற்றலும் ஒரே பொருளின் இருநிலை எனின், கல்லைப்போல ஆற்றலும் சடமே என்பதன்றோ முடிபு? யாம் கூறியதும் அதுவே.

சுவிட்சர்லாந்து நாட்டு அணுவாராய்ச்சி நிலையத்தில் 2004-ல் நடராசர் திருவுருவம் நிறுவப்பெற்றதனையும் சான்றாகக் காட்டுவர். அது கண்டு யாமும் மகிழ்கின்றேம். ஆனால் அணுத்துகள்களின் அசைவையே கூத்தப்பிரானது ஆடலாகக் கொள்வோரை ஒன்று வினாவுவேம். துகள் கூடுதலிலும் நிற்றலிலும் பிரிதலிலும் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்றற்கு ஒருவாறு நிழல் காட்டலாம். மறைத்தலும் அருளலும் எங்கே? அவ்விரண்டும் உயிரை நோக்கி நிகழ்வன. ஐந்தொழிலில் இரண்டனை விட்டுவிட்டு, அதுவும் அருளலையே விட்டுவிட்டு, ஆடலென்று எதனைக் கும்பிடுவது?

செப்புத்தகட்டைப் பற்றியும் ஒரு சொல். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் அன்று. காந்தத் துண்டொன்றைச் செப்புக்குடத்தருகே கொண்டுசென்று எவரும் சோதித்தறியலாம். கருவறையில் யந்திரத்தகடு வைப்பது மந்திரம் பொறித்தற்கேயாம். அலை ஈர்த்தற்கு அன்று. குடமுழுக்கிற் கடத்திலே ஆவாகனமும், யாகசாலையினின்று திருவுருவிற்கு நாடிசந்தானமும் செய்வது, எங்கும் நிறைந்த முதல்வன் அடியார் பொருட்டு ஆண்டு விளங்கியருள வேண்டும் என்னும் வேண்டுகோளே. அலையால் நன்மை வருமெனின், கருவறையில் இரவுபகல் உறையும் வௌவாலும் எலியுமே முதற்கண் முத்திபெறும். உண்டியல் உடைக்க நுழைந்த கள்வனும் பூசித்து நிற்கும் அன்பனும் ஒத்த பயன் பெறுவர். விசயநாராயணத்தைச் சூழ வாழ்வோர் யாவரும் நாடோறும் அலையில் மூழ்கி ஞானிகளாகியிருத்தல் வேண்டும்.

மற்று, ஓர் யூனிட்டு மின்சாரம் 36 லட்சம் ஜூல் என அளந்து விலை குறிக்கின்றனர். கருவியால் அளந்து 'இது, இத்துணை' எனச் சுட்டியறியப்படுவது யாதாயினும் அது அசத்து என்பது சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரத்தின் துணிபு. அம்மையையும் கருவியால் அளந்துகாட்ட முயல்வோர், அவளை உயர்த்துவதாக எண்ணி அசத்தின் வரிசையில் நிறுத்துகின்றனர்.

நூல் கல்லா மக்கள் இவ்வகையில் நம்மினும் தெளிவுடையர். நெல்லைச் சீமையில் அம்மன் கொடையன்று கோமரத்தாடி ஆடுங்கால், 'அருள் வந்தது' என்றே கூறுவர். பந்தலில் ஓடும் மின்கம்பியை அறியாது தொட்டு ஒருவன் துடித்தால், 'கரண்டு அடித்தது' என்பரேயன்றி அருள் வந்தது என்னார். இரண்டும் உடம்பை அதிரச் செய்வனவே; ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் அவர்பால் இல்லை. சத்தியாவது அருள் என்னும் சித்தியார் கருத்து அவர்தம் நாவில் வாழ்கின்றது.

சொற்போர்க்காக இதனை எழுதினேமல்லேம். இக்கொள்கையால் வருங் கேடு பெரிது. அலையென்பது தொலைவு மிக மிகத் தேய்வது. இருமடங்கு விலகின் நான்கிலொரு பங்காகக் குறையும். அருளும் அத்தகையதாயின், நோயுற்றுப் பாயிற் கிடந்து, நெல்லையிற் காந்திமதியம்மையின் திருமுகத்தை நெஞ்சினுள் நினைந்து கண்ணீர் சொரியும் மூதாட்டிக்கு ஒன்றுமில்லை என்றாகும். கோபுர நிழலில் அன்பின்றி உலவுவானுக்கு எல்லாம் உண்டு என்றாகும். இஃது எந்த நூலுக்கு உடன்பாடு? மேலும், ஆற்றலைப் பெறவே கோயில் செல்க என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பெற்றதாக உணராதவழி வழிபாட்டையே கைவிடுவான். பெற்றதாக உணரின், 'யான் ஆற்றலுடையேன்' என்று தருக்குவான். முன்னது நாத்திகம், பின்னது ஆணவம். எவ்வாற்றானும் அவன் இழப்பது அம்மையையே.

இதனால் விஞ்ஞானத்தை இகழ்ந்தேமல்லேம். மின்விளக்கு திருக்கோயிலில் எரிக, காற்றாலை சுழல்க, அவை மாயையினின்று நாம் பெறும் பயன்கள். அம்மாயையைத் தொழிற்படுத்துபவளும் அம்மையே. ஆதலின் அவற்றிற்கும் அவளுக்கும் தொடர்பு இல்லை என்பதுமன்று. உடம்பை இயக்கும் உயிர் உடம்பாகாதவாறுபோல, சடத்தை இயக்கும் அருளும் சடமாகாது. இத்துணையே யாம் வேண்டுவது.

சைவ நன்மக்காள்! அம்மை சந்நிதியில் நின்று நும் பிள்ளைகட்கு, 'இங்கே ஆற்றல் பாய்கின்றது' என்று கூறற்க. 'நம்மை அறிபவள் இங்கே இருக்கின்றாள்' என்று கூறுமின். எந்த அணுவுலையும் நம்மை அறியாது, அவள் அறிவாள். குலசேகரன்பட்டினத்தில் அவள் உடனுறையும் பெருமானுக்கு ஞானமூர்த்தி என்று பெயர் வழங்குவதும் அவ்வுண்மையை நினைவூட்டி நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.